பெயரில் சீனா... பிடியில் இந்தியா... திருகோணமலைக் காட்டில் காத்திருக்கும் 99 எண்ணெய் டேங்குகள்!

திருகோணமலைக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பவை மான்கள்தாம். கடற்கரைப் புல்வெளி, கோட்டை வாசல், கடைத்தெரு ஓரம் என நம்மூரில் ஆடுகள் திரிவதுபோல இங்கே புள்ளிமான்கள் திரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் செல்போனை எடுக்கிறார்கள். மான்கள் அசைவதுகூட இல்லை. எத்தனையோ பேர் வந்து போனதைப் பார்த்துப் பழகிவிட்ட ஊர் இது!

கோட்டை வாசலைத் தாண்டி மேடேறினால் கோணேஸ்வரம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். கோயிலுக்குப் போகும் வழியில் இருப்பது ஃபிரெட்ரிக் கோட்டை. அதற்குள் இன்றும் ராணுவம் இருக்கிறது. சிவனைப் பார்க்கப் போகும் பக்தர்கள் ராணுவக் குடியிருப்புகளைக் கடந்துதான் போக வேண்டும். கோயிலை ஒட்டிய பாறைப் பிளவுக்கு 'இராவணன் வெட்டு' என்று பெயர். இராவணன் மலையைப் பெயர்க்க வாளால் வெட்டியபோது ஏற்பட்டது என்பது ஐதிகம். அதன் அருகே நிற்கும் மரத்தில் குழந்தை வரம் வேண்டி கட்டப்பட்ட குட்டிக் குட்டித் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பாறை உச்சியில் நின்றால் ஒரு பக்கம் வங்காள விரிகுடா. தெற்கே பார்த்தால் மகாவலி ஆறு வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. உள்ளே நிலம் வளைந்து வளைந்து கைகோத்து அணைத்தாற்போல ஒரு துறைமுகம். எந்தப் பருவக்காற்று அடித்தாலும் உள்ளே நிற்கும் கப்பலுக்கு ஆபத்தில்லை. ஆழமோ, மிகப் பெரிய கப்பல்களும் தைரியமாக உள்ளே வரும் அளவுக்கு. மனிதன் கட்டாமல் இயற்கையே கட்டிக்கொடுத்த துறைமுகம்.

அதுதான் இந்த ஊரின் வரம். அதுவேதான் தலைவலியும்!

ஒரே ஆண்டில் மூன்று கொடிகள்

17-ம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர்கள் பழைய கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639-ல் கண்டி அரசரின் துணையோடு டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

உச்சகட்டம் 1782. அந்த ஆண்டு ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டன் கோட்டையைப் பிடித்தது. ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் வந்து பிரிட்டனிடமிருந்து பறித்தார். ஒரே ஆண்டில் மூன்று நாட்டுக் கொடிகள். பிறகு சமாதான ஒப்பந்தத்தில் கோட்டை மீண்டும் டச்சுக்காரர்களுக்கே போனது. 1795-ல் பிரிட்டன் திரும்பி வந்து, இந்த முறை ஆணியடித்து உட்கார்ந்தது. இலங்கை 1948-ல் சுதந்திரம் பெற்ற பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை பிரிட்டன் விட்டுவிடவில்லை. பண்டாரநாயக்க பிரதமரான பிறகு 1957-ல்தான் அது இலங்கையின் கைக்கு வந்தது.

இவர்களில் யாரும் மிளகுக்காகவோ முத்துக்காகவோ மட்டும் திருகோணமலைக்கு வரவில்லை. 'இந்தத் துறைமுகம் நம்மிடம் இருக்க வேண்டும்' என்பதைவிட, 'அவனிடம் போய்விடக் கூடாது' என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கவலையாக இருந்தது. அந்தக் கவலை இன்றும் ஓயவில்லை. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், கோயிலிலிருந்து இறங்கி கண்டி வீதியில் சில கிலோமீட்டர் போக வேண்டும்.

சீனன்குடா

துறைமுகத்தின் இன்னொரு கரையில் இருக்கிறது சீனன்குடா. ஆங்கிலத்தில் 'சைனா பே.' இங்கே ஒரு விமான தளம், ஒரு ரயில் நிலையம், மாவு ஆலை, சிமென்ட் ஆலை எல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சுமார் 850 ஏக்கர் பரப்பில் பரந்து கிடக்கின்றன 99 ராட்சத எண்ணெய் டேங்குகள். இலங்கைத் தமிழில் இவற்றை 'எண்ணெய்க் குதங்கள்' என்கிறார்கள். நம் பேச்சில் கிடங்கு.

முதல் உலகப் போரை ஒட்டி பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறின. கப்பல் மாறியதும் சாம்ராஜ்யத்தின் வரைபடமும் மாறியது. பிரிட்டனில் எண்ணெய் வளம் இல்லை. கப்பல்களோ உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. எனவே வழிநெடுக எண்ணெயைச் சேமித்துவைக்க இடம் வேண்டும். இந்தியப் பெருங்கடலின் நடுவில், பாதுகாப்பான துறைமுகத்தை ஒட்டி இதைவிட நல்ல இடம் எது? இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்த டேங்குகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10,000 டன் எண்ணெய் நிரப்பலாம். மொத்தமாகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 லட்சம் டன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. உடனே திருகோணமலையின் மதிப்பு இரண்டு மடங்கானது. ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு வீசியது. நான்கு நாள்கள் கழித்து, ஏப்ரல் 9-ம் தேதி காலை, திருகோணமலை வானத்தில் ஜப்பானிய விமானங்கள் தோன்றின. துறைமுகமும் விமான தளமும் தாக்கப்பட்டன. அதே நாளில் மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்ம்ஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய் டேங்க் ஒன்றின் மீதே வந்து மோதியது. அந்த டேங்க் ஏழு நாள்கள் விடாமல் எரிந்ததாக இன்றும் ஊரில் சொல்கிறார்கள். உருகி வளைந்த அதன் இரும்பு மிச்சம் போரின் நினைவுச்சின்னமாக அங்கேயே கிடக்கிறது.

போர் முடிந்தது. பிரிட்டன் கிளம்பியது. டேங்குகள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன.

இரண்டு கடிதங்கள்

அடுத்த சில பத்தாண்டுகளில் காடு மெள்ள மெள்ளத் தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டேங்குகளைச் சுற்றி மரங்கள் வளர்ந்தன. கொடிகள் ஏறின. இரும்பு துருப்பிடித்தது. ஆனால், வெளியே உலகம் அந்த டேங்குகளை மறக்கவில்லை.

1980-கள் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரில் மோதிக்கொண்டிருந்த காலம். இந்தியப் பெருங்கடலின் நடுவே டியேகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் ஏற்கெனவே வந்துவிட்டது. இலங்கை அரசு 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலிக்கு இடம் கொடுத்தது. திருகோணமலை டேங்குகளைக் குத்தகைக்கு விடவும் முயற்சி நடந்தது. 'எண்ணெய் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படை வந்துவிடுமோ?' என்ற சந்தேகம் டெல்லியைத் தூங்கவிடவில்லை.

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றி தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வடக்கு-கிழக்கு இணைப்பு, மாகாண சபை, அமைதிப்படை என்று அதன் ஒவ்வொரு வரியும் விவாதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால், அதே நாளில் இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. இந்தியாவின் நலனுக்குக் கேடு வரும்வகையில் திருகோணமலையையோ வேறு எந்தத் துறைமுகத்தையோ எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை என்பது அதில் ஒன்று. திருகோணமலை எண்ணெய் டேங்குகளைச் சீரமைத்து நடத்தும் வேலையை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் செய்யும் என்பது இன்னொன்று. வெளிநாட்டு வானொலிகளுடனான ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்வது பற்றியும் ஒரு வரி இருந்தது.

ஆக, ஈழத் தமிழர்களின் தலைவிதியைப் பேசிய அதே மேஜையில் எண்ணெய் டேங்குகளும் பேசப்பட்டன. தமிழர்களுக்காக எழுதப்பட்ட பகுதியில் எவ்வளவு நிறைவேறியது என்பது தனிக்கதை. டேங்குகள் பற்றிய வரியோ ஒருபோதும் காலாவதியாகவில்லை.

35 ஆண்டுகள்... 50 ஆண்டுகள்...

அந்த வரி நடைமுறைக்கு வர 16 ஆண்டுகள் ஆயின. 2003-ல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி-க்கு 35 ஆண்டுக் குத்தகையாக டேங்குகள் தரப்பட்டன. ஆண்டு வாடகை ஒரு லட்சம் டாலர். துறைமுகத்தை ஒட்டியுள்ள 'கீழ்த் தொகுதி' டேங்குகளை மட்டும் ஐ.ஓ.சி. சீர்செய்து பயன்படுத்தியது. உள்ளே காட்டுக்குள் இருக்கும் 'மேல் தொகுதி' டேங்குகள் 84. அவை அப்படியே கிடந்தன.

ஏன்? சீரமைக்கப் பெரும் பணம் வேண்டும். நிரப்ப எண்ணெய் வேண்டும். அதை வாங்கச் சந்தை வேண்டும். இலங்கையின் சொந்தத் தேவைக்கு இவ்வளவு டேங்குகள் அவசியமில்லை. அக்கம்பக்க நாடுகளுக்கும் கப்பல்களுக்கும் விற்றால்தான் கட்டுப்படியாகும். வணிகமாகப் பார்த்தால் யாரும் அவசரப்பட வேண்டிய விஷயமே இல்லை.

ஆனால், விட்டுக்கொடுக்கவும் யாரும் தயாராக இல்லை. இந்தியா பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. வேறு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது. இலங்கைக்கோ சொத்தைத் தாரைவார்த்துவிட்டோம் என்ற பழி வந்துவிடக் கூடாது. இந்த இரண்டு 'கூடாது'களுக்கு நடுவில்தான் 84 டேங்குகளும் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. காலியாக இருப்பதே அவற்றின் வேலையாகிவிட்டது!

2022 ஜனவரி 6-ம் தேதி புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போது 50 ஆண்டுகள். 14 டேங்குகள் லங்கா ஐ.ஓ.சி-க்கு. 24 டேங்குகள் இலங்கை அரசின் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மீதமுள்ள 61 டேங்குகள் இருவரும் சேர்ந்து தொடங்கும் கூட்டு நிறுவனத்துக்கு. அதில் இலங்கைக்கு 51 சதவிகிதப் பங்கு, இந்தியாவுக்கு 49.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள, தீவின் தென்கோடிக்குப் போய்வர வேண்டும்.

தெற்கில் வந்த பக்கத்து வீட்டுக்காரர்

ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் மிகப்பெரிய கப்பல் பாதை இலங்கையின் தெற்குக் கரையை ஒட்டியே போகிறது. வளைகுடா எண்ணெய் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போவது இந்த வழியில்தான். அந்தப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அம்பாந்தோட்டை. சீனக் கடனில் அங்கே ஒரு துறைமுகம் கட்டப்பட்டு, 2010-ல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017-ல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகையாக அது போனது. மதிப்பு 112 கோடி டாலர்.

அங்கே 99 ஆண்டுகள், இங்கே 99 டேங்குகள். எண்கள் ஒன்றானது தற்செயல். கணக்கு தற்செயல் அல்ல.

2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது. ஆய்வுக் கப்பல் என்றது சீனா. உளவு பார்க்கும் என்று இந்தியா கவலைப்பட்டது. 2024-ம் ஆண்டு முழுக்க எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று இலங்கை அறிவித்துத் தப்பித்துக்கொண்டது.

இந்தப் போட்டியைப் பார்க்க ராணுவ ரகசியம் எதுவும் தேவையில்லை. இலங்கையில் ஒரு நாள் காரில் பயணம் செய்தாலே போதும். 'பெட்ரோல் செட்' என்று அங்கே சொல்லப்படும் பங்க்குகளைக் கவனித்தால், ஒன்று இலங்கை அரசின் 'சிபெட்கோ.' அடுத்தது இந்தியாவின் ஐ.ஓ.சி. சற்றுத் தள்ளி, 2023-ல் களமிறங்கிய சீனாவின் 'சினோபெக்.' கடைசியாக, அமெரிக்காவின் ஆர்.எம்.பார்க்ஸ் நிறுவனம் நடத்தும் 'ஷெல்.' பெட்ரோல் ஒன்றுதான். எந்தக் கொடியின் கீழ் நிரப்புவது என்பதில்தான் வித்தியாசம்!

வடக்கிலும் இதே கதை நடந்தது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று சிறு தீவுகளுக்கு சூரிய, காற்றாலை மின்சாரம் தரும் திட்டம் 2021 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இராமேசுவரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு இறுதியில் 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை' என்று காரணம் காட்டி சீனா திட்டத்தை நிறுத்தியது. பிறகு இந்தியா மானியமாகவே அதைச் செய்துதர முன்வந்தது. பெரியவர்களின் பேச்சுவார்த்தை முடியும்வரை தீவு மக்கள் டீசல் ஜெனரேட்டரோடு காத்திருந்தார்கள்.

டேங்க் உள்ள ஊரில் எரிபொருள் இல்லை

2022-ல் இலங்கையின் கஜானா காலியானது. இறக்குமதிக்கு டாலர் இல்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாள்கணக்கில் வரிசை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீனவர்கள் படகைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். 10 லட்சம் டன் எண்ணெய் பிடிக்கும் டேங்குகள் உள்ள திருகோணமலையும் இதற்கு விதிவிலக்கல்ல.

டேங்க் இருந்தால் போதாது. நிரப்பக் காசு வேண்டும் என்ற எளிய உண்மையை அந்த ஆண்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது. இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையை அரசு நிறுத்தியது. அப்போது ஐ.ஓ.சி. பங்க்குகளில்தான் ஓரளவாவது எரிபொருள் கிடைத்தது. அது திருகோணமலையின் கீழ்த் தொகுதி டேங்குகளிலிருந்து வந்தது. எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி டாலர் கடனும் கொடுத்திருந்தது. சீரமைத்த ஒரு சில டேங்குகளே ஒரு நெருக்கடியில் இவ்வளவு பயன்பட்டன என்றால், மற்றவை இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்ததன் விலை என்ன என்ற கேள்வி தானாக எழுகிறது.

அதே ஆண்டு மே மாதம் இன்னொரு காட்சியும் இங்கே அரங்கேறியது. மக்கள் போராட்டத்தால் பிரதமர் பதவியை விட்டு விலகிய மஹிந்த ராஜபக்ச, குடும்பத்தோடு ஹெலிகாப்டரில் வந்து தஞ்சம் புகுந்தது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைத் தன் சொந்த மாவட்டத்தில் கட்டியவர், ஒளிந்துகொள்ள இடம் தேடியபோது கைகொடுத்தது இயற்கை கட்டிய துறைமுகம். செய்தி பரவியதும் தளத்தின் வாசலில் மக்கள் திரண்டுவிட்டார்கள்.

அக்கரையில் சம்பூர்

கோணேசர் கோயில் பாறையிலிருந்து தெற்கே, குடாவுக்கு அந்தப் பக்கம் தெரியும் கரையில் இருக்கிறது சம்பூர். வயல், குளம், கடல் மூன்றும் சேர்ந்த தமிழ்க் கிராமம். 2006-ல் போர் இந்த ஊரை மொத்தமாகக் காலி செய்தது. மக்கள் மட்டக்களப்புக்கு ஓடி, பிறகு கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். போர் 2009-ல் முடிந்தது. ஆனாலும் அவர்களால் வீடு திரும்ப முடியவில்லை.

காரணம், அவர்கள் இல்லாத நேரத்தில் அந்த நிலத்துக்கு வேறு திட்டங்கள் வந்துவிட்டன. ஒரு பகுதி, இந்தியாவின் என்.டி.பி.சி-யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டுவதாக இருந்த 500 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு. இன்னொரு பகுதி தொழில் மண்டலத்துக்கு. மற்றொரு பகுதி கடற்படை முகாமுக்கு. கப்பல் பாதை, எரிசக்தி, பாதுகாப்பு என்று பெரிய வார்த்தைகள் பேசப்படும் இடத்தில் கீழே இருந்தது யாரோ ஒருவரின் தென்னந்தோப்பும் கிணறும்.

ஆட்சி மாறிய பிறகு 2015-ல் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். வீடுகள் இருந்த இடத்தில் புதர்கள். எல்லைக் கற்களைத் தேடிக் கண்டுபிடித்து, தகரக் கொட்டகை போட்டு வாழ்க்கையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நிலக்கரி வந்தால் கடலும் வயலும் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-ல் அனல்மின் நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது அங்கே வருவது 120 மெகாவாட் சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரல் 5-ம் தேதி பிரதமர் மோடியும் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்கவும் காணொலி வழியாக அதைத் தொடங்கிவைத்தார்கள். நிலக்கரிப் புகை இல்லாமல் போனது சம்பூருக்கு நிச்சயம் நல்லது. திருகோணமலையின் இத்தனை ஆண்டுக் கதையில், ஊர் மக்களின் குரலுக்கும் ஒரு பங்கு இருந்த அபூர்வமான அத்தியாயம் இது.

மூன்றாவது நாற்காலி

அதே நாளில் இன்னொரு ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக மாற்றும் திட்டம். எண்ணெய் டேங்குகள், கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் வசதி, இந்தியாவிலிருந்து கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் என்றெல்லாம் பேசப்படுகின்றன. இந்தியாவிடம் ஆர்வமும் அமீரகத்திடம் எண்ணெயும் பணமும் இருக்கின்றன. இலங்கையிடம் இடம் இருக்கிறது.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, ஜனவரியில், அதே அதிபர் சீனா போயிருந்தார். அப்போது அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலரில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க சினோபெக்குடன் ஒப்பந்தம் ஆனது. இத்தனைக்கும் அநுர தலைமை தாங்கும் ஜே.வி.பி., 1987 ஒப்பந்தத்தை மிகக் கடுமையாக எதிர்த்த கட்சி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஒரு பக்கம் நிற்கலாம். ஆட்சிக்கு வந்தால் இரண்டு பக்கமும் கை குலுக்கத்தான் வேண்டியிருக்கிறது. கிழக்கே இந்தியா, தெற்கே சீனா என்று நடுவில் நடப்பது கயிற்றின் மேல் நடப்பதைப் போன்றது. விழாமல் நடந்தால் இரண்டு பேரிடமும் நல்ல விலை பேசலாம். சறுக்கினால் 1782 மாதிரி ஆகிவிடும்.

கொழும்பில் தொழிற்சங்கங்களுக்கு இதில் வேறொரு கவலை இருக்கிறது. திருகோணமலையை இந்தியாவுக்கும் அம்பாந்தோட்டையைச் சீனாவுக்கும் கொடுக்காதீர்கள் என்று 2017 ஜூலையில் பெட்ரோலியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ராணுவம் வந்துதான் விநியோகத்தை நடத்தியது. அதாவது, எதிர்ப்பவர்கள் இந்தியா, சீனா என்று பிரித்துப் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சாவி ஏன் அடுத்தவர் இடுப்பில் என்பதுதான் அவர்களின் கேள்வி.

சீனன்குடாவில் ஒரு நிறுத்தம்

திருகோணமலைக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் டேங்குகள் இருக்காது. அங்கே அனுமதியில்லாமல் உள்ளே போகவும் முடியாது. கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவின் பவளப்பாறைகள் என்று இரண்டு நாள்கள் போதாமல் போகும். இவற்றை எல்லாம் நிச்சயம் பாருங்கள்.

ரயிலில் போகிறவர்கள் மட்டும், ஊர் வருவதற்குச் சற்று முன்பு ஜன்னலோரம் வந்து உட்காருங்கள். சீனன்குடா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பெயர்ப்பலகை வரும். பெயரில் சீனா. கட்டியது பிரிட்டன். குண்டு போட்டது ஜப்பான். பயந்தது அமெரிக்காவைப் பார்த்து. குத்தகைக்கு எடுத்தது இந்தியா. பணம் போட வருவது அமீரகம். ஒரு சின்ன ரயில் நிலையத்தின் பக்கத்தில் இவ்வளவு பேர்!

இத்தனை பேரில் யாரும், இந்த டேங்குகள் நிரம்பினால் உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை, உங்கள் படகுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் என்று இந்த ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசியதாக எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை. தமிழர்கள், முஸ்லிம்கள், சிங்களவர்கள் என மூன்று சமூகமும் கலந்து வாழும் ஊர் இது. மூவரின் படகும் ஒரே கடலுக்குத்தான் போகிறது. மூவரும் ஒரே வரிசையில் நின்றுதான் 2022-ல் எரிபொருளுக்குக் காத்திருந்தார்கள்.

கோயில் மரத்தில் தொட்டில் கட்டியவர்கள் வேண்டுதல் பலித்ததும் திரும்பி வந்து கோணேசருக்கு நன்றி சொல்வார்கள். காட்டுக்குள் 80 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் அந்த டேங்குகளும் எப்போதாவது நிரம்பலாம். அன்றைக்கு அதன் பலன் முதலில் சீனன்குடாவையும் சம்பூரையும் எட்ட வேண்டும் என்பதுதான் திருகோணமலையின் வேண்டுதலாக இருக்கும்.